அண்ணனுக்காகப் பதில் சொன்னவள்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே வாய்தான் இருந்தது. அது அவளுடையது. மூன்று வயது மூத்த அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. ஆகவே அவனுக்குப் பசித்தால் இவள் கத்தினாள். அவனைத் தெருப் பையன்கள் தள்ளிவிட்டால் இவள் போய்ச் சண்டை போட்டாள். சட்டை கழுத்தை இறுக்குகிறது என்று தையல்காரரிடம் முறையிட்டதும் இவள்தான், இத்தனைக்கும் இறுகியது அவன் கழுத்து. ஐந்து வயதிலேயே தெரு அவளுக்கு ‘ஸ்பீக்கர்’ என்று பெயர் வைத்துவிட்டது. இப்போது இருபத்து நான்கு வயதாகிறது. பெயரும் மாறவில்லை, சத்தமும் குறையவில்லை.

வேலை ஒரு ஜெராக்ஸ் கடையில். எதிரே நிற்பவர் நீட்டும் விண்ணப்பத்தைத் தலைகீழாகவே படித்து, “மூணாம் பக்கத்துல கையெழுத்து விட்டுப்போச்சு பாருங்க” என்று சொல்லிவிடுவாள். கடைசி நாள் கடைசி மணியில் ஓடி வருகிறவர்களைத் திட்டிக்கொண்டே பேனா எடுத்துக் கொடுப்பாள். அம்மா பெரியாஸ்பத்திரி சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை மடிக்கிறவள். அண்ணனுக்குப் பத்து வயதானபோது அப்பா இறந்துபோனார். அந்த வருடமே அண்ணனைத் தொலைவில் இருந்த காது கேளாதோர் பள்ளி விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஏழு வருடம் கழித்துத் திரும்பி வந்து ஒரு தச்சுப் பட்டறையில் சேர்ந்தான். கதவு, அலமாரி, மேஜை என்று எல்லாம் செய்வான். அவன் சேர்த்த இரண்டு பலகைகளின் மேல் விரலை ஓட்டினால் இணைப்பு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் அண்ணனுக்கு வயிற்று வலி. பட்டறைக்குப் பக்கத்து மருத்துவமனைக்குத் தனியாகவே போனான். கையில் பதினான்காம் எண் டோக்கன். பதிவு மேஜையில் இருந்த பெண் “பதினாலு, பதினாலு” என்று நாலு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கர் மதியம் போய்ப் பார்த்தபோது அறுபதாம் எண் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வியர்த்து ஒழுகி, அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவள் அன்றைக்குப் போட்ட சத்தத்தில் கட்டடமே திரும்பிப் பார்த்தது. பதிவு மேஜைப் பெண் எதிர்த்துப் பேசவில்லை. அழுதுவிட்டாள்.

“அவரை எப்படிக் கூப்பிடறதுன்னு எனக்குத் தெரியலீங்க. யாராவது சொல்லிக்குடுத்தா கத்துக்க மாட்டேனா?”

அந்தக் கேள்வி ஸ்பீக்கரோடு வீடு வரை வந்தது. மறுநாள் கடையில் ஒரு தாள் ஒட்டினாள்: ‘கையால் பேசக் கற்றுத் தரப்படும். ஞாயிறு காலை. கட்டணம் இல்லை. கைகளை மட்டும் கொண்டு வந்தால் போதும்.’ சைக்கிள் கடைக்காரர் பழைய டயர்கள் தொங்கும் மாடி அறையைக் கொடுத்தார். முதல் ஞாயிறு நாலு பேர் வந்தார்கள். அதில் ஒருத்தி அந்தப் பதிவு மேஜைப் பெண். போகப் போக ஒரு பஸ் கண்டக்டர், கல்லூரி மாணவர்கள், மருந்துக் கடையில் வேலை பார்க்கும் சுருட்டை முடிப் பையன் என்று பதினோரு பேர் ஆனார்கள். யாருக்கும் இருபத்தைந்து வயது தாண்டவில்லை. யாருக்கும் இதில் காலணா வருமானம் கிடையாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்தார்களே, அதை நான் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போக மாட்டேன்.

சுவரில் மூன்று விதிகளை ஸ்பீக்கர் தன் கையால் பெரிதாக எழுதி ஒட்டினாள். ஒன்று, நேரத்துக்கு வரவும். இரண்டு, வகுப்பில் வாயைத் திறக்கக் கூடாது. மூன்று, இரண்டு பேருக்கு நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்கிறவர், சொன்னதை எல்லாம் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இரண்டாவது விதியைத்தான் அவளால் காப்பாற்ற முடியவில்லை என்று எல்லோரும் கேலி செய்தார்கள். மூன்றாவதைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஒரு வருடத்தில் பலன் தெரிந்தது. கண்டக்டர் அண்ணனிடம் கையாலேயே சில்லறை கேட்டார். மருத்துவமனையில் டோக்கன் எண்ணை ஒரு பலகையில் எழுதித் தூக்கிக் காட்டினார்கள். ஒரு பத்திரிகையில் படம்கூட வந்தது. பதினோரு பேரும் கைகளை உயர்த்தி நின்ற படம். அம்மா அதைக் கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டி வைத்தாள்.

அந்தப் படத்தில் அண்ணன் இல்லை. வகுப்புக்கும் அவன் வந்ததில்லை. காது கேளாதவர்களுக்காக நடந்த வகுப்பில் காது கேளாதவர் ஒருவர்கூட வந்து உட்கார்ந்ததில்லை. ஸ்பீக்கர் அவனைக் கூப்பிடவே இல்லை. அவனுக்குத்தான் இந்த மொழி தெரியுமே, அவன் எதற்கு என்று நினைத்தாள். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. நல்ல எண்ணம் உள்ளவர்கள் செய்கிற தப்பைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பட்டறையில் அண்ணனுக்கும் முதலாளிக்கும் நடுவில் பத்து வருடமாக நின்று பேசியது அவள்தான். “இவர் குடுத்த அளவு தப்பு, ரெண்டு பலகை வீணாப்போச்சு” என்று அண்ணன் கையால் சொல்வான். “அளவை இன்னொரு தடவை பாத்துக்கலாமான்னு கேக்கறான் சார்” என்பாள் இவள். “பாவம், வாயில்லாத புள்ள” என்பார் முதலாளி. “உன் வேலை ரொம்ப நல்லா இருக்காம்” என்று அண்ணனுக்குக் கைகாட்டுவாள். இரண்டு பக்கமும் சந்தோஷம், நடுவில் இவளுக்கும் சந்தோஷம்.

போன வருடம் அண்ணனுக்கு லீவு கேட்கப் போயிருந்தாள். முதலாளி அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

“மேஸ்திரி முதுகு வலின்னு நின்னுட்டார்மா. அந்த இடத்துக்கு உங்க அண்ணனைப் போடலாமான்னு பாக்கறேன். ஆறு பேரை வேலை வாங்கணும். அவனைக் கேட்டுச் சொல்றியா?”

ஒரு நொடியில் அவள் மனதில் ஆயிரம் ஓடியது. ஆறு பேரும் அவன் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள், அவனுக்குக் கேட்காது. வாடிக்கையாளர் வந்து கத்துவார். ஏதாவது தவறினால் இருக்கிற வேலையும் போகும். “அவனுக்கு அதெல்லாம் வேணாம் சார். இருக்கறதே போதும்னுதான் சொல்வான்” என்று அந்த மூச்சிலேயே சொல்லிவிட்டாள். நாலடி தள்ளிப் பலகையில் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்து, என்ன என்று புருவத்தால் கேட்டான். “லீவைப் பத்தி” என்று கைகாட்டினாள். மேஸ்திரி வேலைக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார். அவளுக்கு அது உறுத்தவே இல்லை. அடுத்த ஞாயிறு புதிதாக வந்தவர்களுக்கு மூன்றாவது விதியை விளக்கிச் சொன்னாள்.

மூக்கு உடைபட்டது மருந்துக் கடையில். வேறு பகுதியிலிருந்து ஒரு காது கேளாத அம்மாள் மருந்துச் சீட்டோடு வந்தார். சுருட்டைக்கு ஒரே உற்சாகம். ‘மருந்து’ என்பதற்கு வகுப்பில் கற்ற சைகையை அழகாகச் செய்தான்: மூக்கைப் பொத்தி, முகத்தைச் சுளித்து, தலையை ஆட்டினான். அந்த அம்மாள் தன் சேலையை முகர்ந்து பார்த்தார். பிறகு சீட்டை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

“அக்கா, நம்ம கைமொழியில ஏதோ கோளாறு இருக்கு” என்றான் சுருட்டை, அந்த ஞாயிறு.

“நீ சரியா செஞ்சிருக்க மாட்ட” என்றாள் ஸ்பீக்கர்.

சுருட்டை விடவில்லை. நேராகப் பட்டறைக்குப் போய் அண்ணனைப் பிடித்து, சைகையைச் செய்து காட்டிச் சரிதானா என்று தாளில் எழுதிக் கேட்டான். அண்ணன் சிரித்த சிரிப்பில் கையில் இருந்த உளி கீழே விழுந்தது. விஷயம் இதுதான். அண்ணன் சிறுவனாக இருந்தபோது கசப்பு மருந்தைப் பார்த்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவான். அதுவே வீட்டில் மருந்துக்குச் சைகை ஆகிவிட்டது. அந்தக் காலத்து டாக்டருக்குப் பெரிய மீசை. ஆகவே டாக்டர் என்றால் மீசையை முறுக்க வேண்டும். பதிவு மேஜைப் பெண் ஒன்றரை வருடமாக லேடி டாக்டருக்கும் மீசை முறுக்கிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கர் தெருவுக்கெல்லாம் கற்றுக் கொடுத்தது அவர்கள் வீட்டுச் சமையலறையில் இரண்டு குழந்தைகள் உண்டாக்கிக்கொண்ட மொழி. வகுப்புக்கு முன்னால் உலகத்தில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான்.

அண்ணனுக்கு இன்னொரு மொழி இருந்தது. விடுதியில் ஏழு வருடம் பேசிய மொழி, நண்பர்களோடு இன்றும் பேசுகிற மொழி. அவர்கள் பேசுவதை அவள் பார்த்ததுண்டு. வேகமாகப் பேசுகிறார்கள் என்று மட்டும் நினைத்திருந்தாள். தனக்காக அவன் வீட்டில் குழந்தை மொழியிலேயே நின்றுவிட்டான் என்பது சுருட்டை வந்து சொன்ன அன்றைக்குத்தான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, தன் அண்ணனையே யாரோ தனக்கு அறிமுகம் செய்து வைத்தது போல ஒரு சங்கடம்.

அடுத்த ஞாயிறு முதல் அண்ணன் வந்து வகுப்பெடுத்தான். ஸ்பீக்கர் பெஞ்சில் மாணவர்களோடு உட்கார்ந்தாள். சுருட்டை தினமும் மாலையில் பட்டறைக்கே போய்க் கற்றான். நாலு மாதத்தில் அவளைவிட நன்றாகப் பேசினான். அண்ணனும் அவனும் எதையோ சொல்லிச் சிரிக்கும்போது, “என்னடா, என்ன?” என்று நடுவில் போய் நிற்பாள்.

அந்தச் சமயத்தில்தான் வெளியிலிருந்து வந்த மேஸ்திரி வேறு பட்டறைக்குப் போய்விட்டார். அன்று மாலை அண்ணன் முகம் முழுக்கச் சிரிப்பாக வீட்டுக்கு வந்தான்.

“அந்த வேலையை எனக்குக் குடுங்கன்னு கேக்கப் போறேன்” என்று கைகளால் சொன்னான். “திங்கட்கிழமை. போன தடவை என்னை யாரும் கேக்கவே இல்ல. இந்தத் தடவை நானே கேக்கறேன். சுருட்டை வந்து சொல்வான். உனக்குத்தான் கடையில வேலை இருக்கே.”

முதலாளி ஒளிவு மறைவு இல்லாத மனிதர். போன வருடமே கேட்டேனே, உன் தங்கச்சிதான் வேண்டாம் என்றாள் என்று முதல் வாக்கியத்திலேயே போட்டு உடைத்துவிடுவார். மறுநாள் கடை இடைவேளையில் ஸ்பீக்கர் மருந்துக் கடைக்கு ஓடினாள்.

“தம்பி, முதலாளி ஏதாவது பழைய கதை எடுப்பார். அதையெல்லாம் நீ அண்ணன்கிட்ட சொல்லிட்டிருக்க வேண்டாம். வேலை விஷயத்தை மட்டும் சொல்லு, போதும்.”

சுருட்டை மாத்திரை அட்டையைக் கீழே வைத்தான். “அவர் சொன்னா நான் சொல்லாம எப்படி அக்கா இருக்கறது? கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாதுன்னு நீங்கதானே எழுதி வச்சீங்க?”

கேலியாகக் கேட்டிருந்தால் நாலு வார்த்தை திட்டியிருப்பாள். அவன் உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டான். அவள் கடைக்குத் திரும்பினாள்.

அன்று சாயங்காலம் அண்ணன் மேஜையில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிட வேண்டுமானால் விளக்கை இரண்டு முறை அணைத்துப் போடுவது வழக்கம். போட்டாள். அவன் நிமிர்ந்தான்.

வீட்டு மொழியிலும் புது மொழியிலும் தடுமாறித் தடுமாறிச் சொன்னாள். போன வருஷம் முதலாளி கேட்டார். உன்னைத்தான் கேட்டார். நான் வேண்டாம்னு சொல்லிட்டேன். உன்கிட்ட லீவைப் பத்தின்னு பொய் சொன்னேன். உனக்குக் கஷ்டம் வரும்னு பயந்தேன்.

அண்ணன் கையில் இருந்த பென்சிலைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவள் இன்னும் ஏதோ சொல்லக் கைகளை உயர்த்தியபோது கண்களை மூடிக்கொண்டான்.

காது கேட்கிறவன் கோபித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான், அப்போதும் பின்னாலேயே போய்க் கத்தலாம். கண்ணை மூடிக்கொண்டவனிடம் என்ன செய்வது? ஊரையே கூட்டக்கூடிய அவள் சத்தம் அந்த அறையில் எதற்கும் உதவவில்லை. அடுத்த அறைக்குப் போய் அழுதாள். தான் அவனுக்குக் காவல் என்று இத்தனை காலம் நினைத்திருந்தாள். வாசலை மறித்துக்கொண்டும் நின்றிருக்கிறாள். இரண்டும் ஒரே இடம்தான் என்பது அவளுக்குத் தாங்கவில்லை.

மூன்று நாள் அண்ணன் அவள் கைகளைப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிப் போன பிறகு அவனே அவள் முன்னால் வந்து நின்றான்.

“பயந்தது நீ. வேண்டாம்னு சொன்னது நான்னு ஆயிடுச்சு” என்றான் கைகளால், அவளுக்குப் புரியும்படி மெதுவாக. “ஒரு வருஷமா முதலாளி என்னைப் பயந்தாங்கொள்ளின்னு நினைச்சிருக்கார். அது எனக்குத் தெரியவே தெரியாது.”

அவள் தலையைக் குனிந்தாள். அவன் அவள் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினான், பாசத்தால் அல்ல, பேச்சு இன்னும் முடியவில்லை என்பதால்.

“அது தப்புன்னு அவர்கிட்ட நானே சொல்றேன். நீ வர வேண்டாம்.”

திங்கட்கிழமை அவள் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கடையிலிருந்து கிளம்பினாள். உள்ளே போகக் கூடாது என்றுதானே சொன்னான், வெளியே நிற்கலாமே என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு பட்டறையில் அடுக்கியிருந்த பலகைகளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். முதலாளியின் அறைக்குத் தூசி புகாமல் கண்ணாடித் தடுப்பு. வெளியே அறுவை இயந்திரங்களின் இரைச்சல். உள்ளே முதலாளியின் வாய் அசைவது தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை. சுருட்டையின் முதுகுதான் தெரிந்தது. அண்ணனின் கைகள் நன்றாகத் தெரிந்தன. ஆனால் அவன் தன்னுடைய மொழியில், தன்னுடைய வேகத்தில் பேசினான். அவளுக்குப் பாதிகூடப் புரியவில்லை. முதலாளி ஒரு தடவை எழுந்து நின்றார். ஒரு தடவை மேஜையைத் தட்டினார். கோபமா, சிரிப்பா? அண்ணன் ஆறு விரல் காட்டினான். ஆறு பேரா, ஆறு மாதமா?

எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, ஒன்றும் விளங்காமல் முகத்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று அந்தக் கால் மணி நேரத்தில் தெரிந்துகொண்டாள். அவர்கள் எழுந்திருக்கும் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அம்மா வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “என்னடி ஆச்சு?” என்றாள்.

“தெரியலம்மா.”

“உனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?”

“அவன் வருவான். அவனையே கேளு.”

அண்ணன் வந்தான். கை கால் கழுவினான். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அம்மா வழக்கம்போல மகளைப் பார்த்து, “கேளுடி” என்றாள். ஸ்பீக்கர் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள்.

“நீயே கேளும்மா.”

“நான் எப்படிடி கேப்பேன்? எனக்கு என்ன தெரியும்?”

உண்மைதான். சாப்பிடு, படு, குளி, காய்ச்சலா, வா, போ. இருபத்தேழு வருடத்தில் மகனிடம் பேச அம்மாவுக்கு இவ்வளவுதான் தேவைப்பட்டது. மற்றதெல்லாம் மகள் வழியாகப் போய், மகள் வழியாக வந்தது. ஸ்பீக்கர் இரண்டு கைகளையும் பாத்திரத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டாள். விரல்கள் துறுதுறுத்தன.

அம்மா மகன் எதிரில் போய் உட்கார்ந்தாள். பட்டறை இருக்கும் திசையைக் காட்டினாள். கையை விரித்தாள். புருவத்தை உயர்த்தினாள். பழக்க தோஷத்தில் அண்ணன் தங்கையைத் திரும்பிப் பார்த்தான். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவன் அம்மாவின் பக்கம் திரும்பினான்.

ஆறு விரல் காட்டினான். “ஆறு கதவு செய்யணுமா?” என்றாள் அம்மா வாய்விட்டு. இல்லை என்று தலையாட்டி, ஆறு பேரை ஒவ்வொருவராகச் செய்து காட்டினான்: உயரமானவன், தொப்பைக்காரன், நொண்டி நடப்பவன், எந்நேரமும் கொட்டாவி விடுபவன். கொட்டாவி விடுபவன் வந்தபோது அம்மா சிரித்துவிட்டாள். கடைசியில் தன் மார்பைத் தட்டி, அந்த ஆறு பேருக்கும் முன்னால் போய் நின்று காட்டினான். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று மாதம் சோதனைக்கு என்பதைக் காலண்டரை எடுத்து மூன்று தாள் புரட்டிச் சொன்னான். அவர்கள் ஆறு பேரும் தினமும் வேலைக்கு முன்னால் அரை மணி நேரம் கைமொழி கற்க வேண்டும் என்பதைச் சொல்லக் கால் மணி நேரம் ஆயிற்று. ஸ்பீக்கர் சொல்லியிருந்தால் ஒரு நிமிட வேலை.

அவளுக்குக் கண்ணீர் வந்தது. பாதி சந்தோஷம், பாதி பொறாமை, அதை மறைப்பானேன்? பாத்திரம் எல்லாம் தேய்த்து முடிந்துவிட்டது. கவிழ்த்து வைத்தாள். அவர்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை. அம்மா இப்போது வேறு ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். கையால் சின்னப் பையன் உயரம் காட்டி, பெட்டி தூக்கிப் போவது போலச் செய்தாள். விடுதியைப் பற்றிக் கேட்கிறாள். அண்ணன் நாற்காலியை அம்மா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தான். கட்டில், ஜன்னல், யாரோ ஒரு குண்டு வாத்தியார், மதில் ஏறிக் குதித்தது, மாட்டிக்கொண்டது. ஒன்று புரியாவிட்டால் அம்மா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவன் மறுபடி செய்து காட்டினான்.

ஸ்பீக்கர் சாப்பாட்டை எடுத்து வைத்தாள். யாரும் திரும்பவில்லை. மூடி வைத்துவிட்டுத் தன் தட்டில் மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

அம்மா மகனிடமிருந்து கண்ணை எடுக்காமலே அவளிடம் சொன்னாள்: “ஏய், இவன் எவ்வளவு பெரிய வாயாடிடி! இத்தனை வருஷமா எனக்குத் தெரியாமப் போச்சே.”